பொத்தானுக்கு முழு மதிப்பெண், ஃபேடருக்குப் பாதி: கியூஎல்சி பிளஸ்ஸுடன் அகாய் ஏபிசி மினி எம்கே 2

கல்லூரி நாடகக் குழு, திருவிழா மேடைகளில் பாடும் மெல்லிசைக் குழு, ஆண்டுக்கொரு நாட்டிய நாடகம் அரங்கேற்றும் நடனப் பள்ளி போன்றவற்றுக்கு முழு அளவிலான லைட்டிங் கன்சோல் ஒன்றைச் சொந்தமாக வாங்குவது இன்றும் எட்டாக்கனிதான். அதற்கு மாற்றாகப் பலரும் கைக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. மடிக்கணினியில் கியூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதை விரல்களால் இயக்க அகாய் நிறுவனத்தின் ஏபிசி மினி எம்கே 2 என்ற சிறு பலகையை யுஎஸ்பி வழியே இணைத்து, கணினியிலிருந்து விளக்குகளுக்கு டிஎம்எக்ஸ் என்ற கட்டுப்பாட்டுச் சமிக்ஞையை அனுப்ப ஓர் இடைமுகப் பெட்டியைச் சேர்த்துவிட்டால், ஓர் எளிய கன்சோல் செய்யும் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. பலகைக்கும் மென்பொருளுக்கும் இடையே ஓடுவது, இசைக்கருவிகளுக்காகப் பிறந்த மிடி சமிக்ஞை. இந்த மதிப்புரை அந்தப் பலகையையும் மென்பொருளையும் பற்றியது என்றாலும், மேடை விளக்குகளை ஆள்வதற்கு மிடி எந்த அளவுக்குத் தகுதியானது என்பதே இதன் மையக் கேள்வி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போது ஒளி மாற வேண்டும் என்று ஆணையிடுவதற்கு மிடி மிகவும் ஏற்றது. எவ்வளவு ஒளி வேண்டும் என்று அளந்து கொடுப்பதற்கு அது அவ்வளவாக ஏற்றதல்ல.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மிடியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1983இல் வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக அறிமுகமான மிடி, ஒரு நிகழ்வு நடந்ததை ஒரே ஒரு முறை மட்டும் அறிவிக்கும் மொழி. ஒரு கட்டையை அழுத்தினால், எந்தச் சேனலில், எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்பதை மூன்று பைட்டுகளில் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். 1986இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப அமைப்பான யுஎஸ்ஐடிடி வகுத்த டிஎம்எக்ஸ்512 இதற்கு நேர் எதிரானது. 512 சேனல்களின் அளவுகளையும் நொடிக்கு ஏறத்தாழ 44 முறை வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். டிஎம்எக்ஸில் ஒரு தகவல் தவறினால் அடுத்த சுற்றில் சரியாகிவிடுகிறது. மிடியில் தவறியது தவறியதுதான். மிடி அளவுகள் 0 முதல் 127 வரை மட்டுமே செல்லும். டிஎம்எக்ஸ் அளவுகள் 0 முதல் 255 வரை செல்லும். இந்த இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த ஏற்பாட்டின் நிறைகுறைகள் அனைத்தும் தாமாகவே விளங்கும்.

முதலில் பலகை. ஏபிசி மினி எம்கே 2இல் எட்டுக்கு எட்டாக 64 சதுரப் பொத்தான்கள், அவற்றின் கீழ்ப்புறத்திலும் வலப்புறத்திலும் சிறு பொத்தான் வரிசைகள், மேலும் கீழும் தள்ளி அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஒன்பது ஃபேடர்கள் ஆகியவை உள்ளன. யுஎஸ்பி மின்சாரமே இதற்குப் போதுமானது. ஐந்து முனை மிடித் துளை இதில் இல்லை. ஆகவே கணினி இல்லாமல் நேராக ஒரு கன்சோலில் இதைச் செருக முடியாது. பொத்தான்கள் அழுத்தத்தின் வேகத்தை உணர்வதில்லை. இசைக்கு இது குறையாக இருக்கலாம், ஒளியமைப்பாளருக்கோ ஒரு வகையில் நன்மையே. பதற்றத்தில் ஓங்கி அழுத்தினாலும் இருட்டில் தடவி மெல்ல அழுத்தினாலும் ஒரே சமிக்ஞைதான் போகிறது.

முந்தைய ஏபிசி மினியின் பொத்தான்களில் பச்சை, சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று நிறங்கள் மட்டுமே ஒளிர்ந்தன. எம்கே 2இல் ஒவ்வொரு பொத்தானும் பல நிறங்களில் ஒளிரக்கூடியது. இது வெறும் அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம். மேடையில் ஒளியைப் பரப்பும் நீல வாஷ் விளக்குக்குரிய பொத்தான் நீலமாகவும், ஆம்பர் விளக்குக்குரியது ஆம்பர் நிறத்திலும், அனைத்தையும் அணைக்கும் பிளாக் அவுட் சிவப்பாகவும் இருக்கும்போது, இருண்ட அரங்கில் கண் தேடுவதற்கு முன்பே கை சென்றுவிடுகிறது. பொத்தானின் நிறத்தை முடிவு செய்வதும் மிடிதான். மென்பொருள் அதே நோட் எண்ணை, அதாவது அந்தப் பொத்தானுக்குரிய மிடி எண்ணை, பலகைக்குத் திருப்பி அனுப்பும்போது, வேகத்துக்குரிய எண் நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறது. மிடிச் சேனல் எண் வெளிச்சத்தின் அளவையும், நிலையாக எரிவதா, துடிப்பதா, மின்னுவதா என்பதையும் தீர்மானிக்கிறது. முதல் சேனலில் அனுப்பினால் மங்கலாகவும் ஏழாம் சேனலில் அனுப்பினால் முழு வெளிச்சத்திலும் எரியும். நாடகத்துக்கு மங்கலான அமைப்பே சிறந்தது. முழு வெளிச்சத்தில் 64 பொத்தான்களும் எரிந்தால் பார்வையாளர் வரிசையில் ஒரு சிறு கடைத்தெருவே திறந்துவிட்டதுபோல இருக்கும்.

கியூஎல்சி பிளஸ் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் திறந்தமூல மென்பொருள். தொடக்கத்தில் கியூஎல்சி என்ற பெயரில் இருந்த திட்டத்திலிருந்து கிளைத்தது. மாசிமோ கல்லெகாரி இதை நெடுங்காலமாக வளர்த்து வருகிறார். உள்ளீடு, வெளியீடு என்ற பக்கத்தில் பலகையின் பெயருக்கு எதிரே உள்ள உள்ளீடு, பின்னூட்டம் ஆகிய இரண்டு கட்டங்களையும் குறியிட வேண்டும். பின்னூட்டக் கட்டத்தை மறந்துவிட்டால் விளக்குகள் எரியும், பொத்தான்கள் எரியா. பிறகு விர்ச்சுவல் கன்சோல் என்ற வெற்றுப் பரப்பில் நமக்கு வேண்டிய பொத்தான்களையும் ஸ்லைடர்களையும் வைத்து, ஒவ்வொன்றின் அமைப்பிலும் தானாகக் கண்டறியும் வசதியை இயக்கிவிட்டுப் பலகையில் உரிய பொத்தானை ஒருமுறை அழுத்தினால், இணைப்பு முடிந்தது. மென்பொருள் தன் கணக்கில், ஃபேடர் நிலையைச் சொல்லும் கன்ட்ரோல் சேஞ்ச் செய்திகளை 1 முதல் 128 வரையிலும் நோட்டுகளை 129 முதல் 256 வரையிலும் எண்ணிட்டுக் காட்டுகிறது. பலகையின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தான் மிடியில் 0ஆம் நோட், கியூஎல்சி பிளஸ்ஸில் 129 என்று தெரியும். எண்கள் ஏன் பொருந்தவில்லை என்று குழம்புவோருக்கு இந்த ஒரு தகவல் ஒரு மாலைப் பொழுதை மிச்சப்படுத்தும்.

பொத்தான்களின் நடத்தையில் ஒரு நுட்பம் இருக்கிறது. விர்ச்சுவல் கன்சோலின் பொத்தான் ஒரு செயலை மாறி மாறி இயக்கவும் நிறுத்தவும் செய்யலாம். அல்லது விரல் இருக்கும் வரை மட்டும் ஒளியைக் காட்டும் ஃபிளாஷ் வகையாகவும் இருக்கலாம். முதல் வகையில், பதற்றத்தில் ஒரே பொத்தானை இருமுறை தொட்டால் எரிந்த காட்சி அணைந்துவிடும். பல காட்சிகளை சோலோ ஃப்ரேம் என்ற கட்டத்துக்குள் வைத்தால், ஒன்றை இயக்கியதும் மற்றவை தாமாக நிற்கும். ஆயினும் அதே பொத்தானை மீண்டும் தொட்டால் மேடை இருளும் அபாயம் அங்கும் நீடிக்கிறது. ஆகவே வரிசை மாறாத நாடகங்களுக்குத் தனித்தனிப் பொத்தான்களை நாடாமல், கியூ எனப்படும் ஒளிமாற்றங்களை வரிசையாக அடுக்கிய கியூ லிஸ்ட் என்ற பட்டியலை உருவாக்கி, அடுத்த கியூ, முந்தைய கியூ ஆகிய இரண்டுக்கு மட்டும் பலகையில் இடம் ஒதுக்குவதே அறிவுடைமை. நடிகர் ஒரு பக்க வசனத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால் பட்டியலில் உரிய வரிக்குத் தாவிச் செல்லவும் முடியும். மெல்லிசைக்கும் நடனத்துக்கும் 64 பொத்தான்களின் சுதந்திரம் பொருந்தும். பாடல் வரிசை எப்போது மாறும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஃபேடர்களைப் பற்றி இவ்வளவு மகிழ்ச்சியாக எழுத இயலவில்லை. ஒன்பது ஃபேடர்களும் 48 முதல் 56 வரையிலான கன்ட்ரோல் சேஞ்ச் எண்களில் தங்கள் நிலையை அனுப்புகின்றன. வருவது 128 படிகள் மட்டுமே என்பதால் கியூஎல்சி பிளஸ் ஒவ்வொரு அளவையும் இரட்டித்து, 0, 2, 4 என்று ஏற்றிக் கடைசிப் படியில் 255ஐத் தொடுகிறது. ஆயிரம் வாட் ஹாலஜன் இழை கொண்ட, பார் எனப்படும் மேடை விளக்குகளில் இந்தப் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியாது. இழை சூடாகவும் ஆறவும் எடுத்துக்கொள்ளும் நேரமே படிகளை மழுங்கச் செய்துவிடும். எல்இடி விளக்குகளுக்கு அந்தச் சோம்பல் இல்லை. சொன்ன அளவுக்கு உடனே தாவுகின்ற அவற்றில், அடிமட்ட வெளிச்சத்தில் மெதுவாக ஃபேடரை ஏற்றும்போது ஒளி நடுங்கி நடுங்கி ஏறுவதை முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் நன்றாகவே காண்பார். துயரக் காட்சி ஒன்று மெல்ல இருளில் கரைய வேண்டிய இடத்தில் இந்த நடுக்கம் நாடகத்தையே கெடுக்கும். பல எல்இடி விளக்குகளின் பின்புறத்தில் உள்ள அமைப்புப் பட்டியலில் மங்கல் வளைவையும் ஒளிமாற்றத்தின் வேகத்தையும் மாற்றும் வசதி இருக்கிறது. அதில் ஹாலஜனைப் போல மெதுவாக மாறும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் பெருமளவு சரியாகும். ஆனால் வாடகைக்கு வரும் விளக்குகளில் ஒவ்வொன்றையும் ஏணி வைத்து ஏறி அமைப்பதற்கு யாரும் நேரம் தரமாட்டார்கள்.

இரண்டாவது குறை, ஃபேடர்களுக்கு மோட்டார் கிடையாது என்பது. விர்ச்சுவல் கன்சோலில் ஃப்ரேமின் பக்கத்தை மாற்றினால், திரையில் உள்ள ஸ்லைடர் ஓர் இடத்திலும் கையில் உள்ள ஃபேடர் வேறிடத்திலும் நிற்கும். அந்நிலையில் ஃபேடரைச் சற்றே தொட்டாலும் ஒளி அந்த அளவுக்குத் துள்ளிவிடும். வெளிக்கருவியின் அளவு பழைய அளவை எட்டிப் பிடிக்கும் வரை ஸ்லைடர் அசையாமல் காத்திருக்கும் ஒரு தேர்வு கியூஎல்சி பிளஸ்ஸில் இருக்கிறது. ஃபேடர்களைப் பக்கம் பக்கமாகப் பயன்படுத்துவோர் அதைக் கட்டாயம் இயக்க வேண்டும். அதை இயக்கினால் துள்ளல் நிற்கும், ஆனால் ஃபேடர் எந்த இடத்தில் பிடிபடும் என்று இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். நான் பரிந்துரைப்பது இதைவிட எளியது: ஒன்பது ஃபேடர்களுக்கும் நிகழ்ச்சி முழுதும் மாறாத வேலையைக் கொடுத்துவிட வேண்டும். முன்விளக்கு, பின்விளக்கு, பக்கவிளக்கு, மூவிங் ஹெட், திரைச்சீலை வண்ணம் என்று பிரித்து, ஒன்பதாவதை அனைத்து விளக்குகளையும் ஒருசேர ஆளும் கிராண்ட் மாஸ்டருக்கு விட்டுவிட்டால் பக்கம் மாற்றும் தேவையே எழாது.

மெதுவான ஒளிமாற்றங்களைக் கையால் செய்யாமல் மென்பொருளிடம் விட்டுவிடுவதே இந்த ஏற்பாட்டில் சிறந்த முறை. பத்து நொடியில் இருள வேண்டும் என்று காட்சியிலேயே நேரத்தைப் பதிந்துவிட்டு, பொத்தானால் ஆணை மட்டும் கொடுத்தால், மென்பொருள் தன் உள்கடிகாரத்தின்படி நொடிக்கு 50 முறை அளவைக் கணக்கிட்டு டிஎம்எக்ஸின் 256 படிகளையும் முழுமையாகப் பயன்படுத்தும். ஒரே எல்இடி விளக்கில் இரண்டு முறைகளையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்தால் வேறுபாடு வெளிப்படையாகத் தெரியும்.

தாமதத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஓடும் ஐந்து முனை மிடியில் ஒரு நோட் செய்தி ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் சென்றுவிடும். யுஎஸ்பியில் அதைவிடத் தடை குறைவு. மென்பொருளின் ஒரு சுற்று 20 மில்லிநொடி. 512 சேனல்களையும் சுமந்த டிஎம்எக்ஸ் சுற்று ஒன்று சுமார் 23 மில்லிநொடி. அனைத்தும் நமக்கு எதிராகவே அமைந்தாலும் மொத்தம் 45 மில்லிநொடிக்குள் அடங்கும். மேடையின் ஒலி 15 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் காதை எட்டுவதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிறது. தவிலின் அடிக்கு அடி விளக்கை வெட்ட நினைப்பவர்கூட இதைக் குறையாகச் சொல்ல முடியாது. விரல் தாமதிப்பதுதான் இதைவிட அதிகம்.

இதே மென்பொருளை விரலுக்குப் பதிலாக ஒலிப்பதிவு மென்பொருளாலும் இயக்கலாம். மெட்ரோனோம் ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு வாசிக்கும் இசைக்குழுக்களுக்கு இது பெரும் பேறு. ரீப்பர் போன்ற மென்பொருளில் பாடலின் பின்னணித் தடங்களுக்குக் கீழே ஒரு மிடித் தடத்தைச் சேர்த்து, பல்லவி தொடங்கும் இடத்தில் ஒரு நோட், சரணத்துக்கு ஒரு நோட் என்று வரைந்துவிட்டால், ஒளியமைப்பு பாடலோடு ஒட்டிக்கொண்டே செல்லும். இரு மென்பொருள்களும் ஒரே கணினியில் இருந்தால் அவற்றை இணைக்க விண்டோஸில் லூப்மிடி என்ற இலவசக் கருவி தேவைப்படும். மேக்கில் ஐஏசி என்ற வசதி ஏற்கெனவே உள்ளது. பல விண்டோஸ் கணினிகளில் தலைவலி தொடங்குவதும் இங்கேதான். விண்டோஸில் ஒரு மிடிக் கருவியை வழக்கமாக ஒரு மென்பொருளே ஒரு நேரத்தில் திறந்துவைக்க முடியும் என்பதால், ஒலிப்பதிவு மென்பொருள் முந்திக்கொண்டு ஏபிசி மினியைப் பிடித்துக்கொண்டால் கியூஎல்சி பிளஸ்ஸுக்கு அது கிடைக்காது. ஒலிப்பதிவு மென்பொருளின் அமைப்பில் அந்தப் பலகையை முடக்கி வைப்பதே தீர்வு.

கீபோர்டு கலைஞரின் இசை நோட்டுகள் விளக்குகளுக்குள் புகுந்துவிடாமலிருக்க ஒளியமைப்புக்கென ஒரு தனி மிடிச் சேனலை ஒதுக்குவது நல்லது. 60ஆம் நோட்டைச் சில நிறுவனங்கள் சி3 என்றும் வேறு சில சி4 என்றும் எழுதுவதால், குழுவுக்குள் நோட்டுகளை எழுத்தால் குறிக்காமல் எண்ணால் குறிப்பதே பாதுகாப்பு. மேலும், ஒத்திகையில் பாடலின் நடுவிலிருந்து தொடங்கும்போது, அதற்கு முன் வந்திருக்க வேண்டிய நோட்டுகள் வந்திரா. மிடி ஒருமுறைதான் பேசும் என்று மேலே சொன்னது இங்கே வந்து கடிக்கும். மாறி மாறி இயங்கும் பொத்தான்களை இவ்வாறு ஓட்டினால் எரிய வேண்டியது அணைந்து, அணைய வேண்டியது எரியும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் அனைத்துச் செயல்களையும் நிறுத்தும் பொத்தானுக்கு ஒரு நோட்டும், அதற்கு மிகச் சிறிது நேரம் கழித்து உரிய காட்சிக்கு ஒரு நோட்டுமாக வரைந்தால் இந்தத் தொல்லை தீரும்.

கம்பிகள் குறித்தும் சொல்லியாக வேண்டும். ஐந்து முனை மிடிக் கம்பிக்கு 15 மீட்டர்தான் வரம்பு, யுஎஸ்பி 2.0 கம்பிக்கு 5 மீட்டர். மேடையில் கீபோர்டும் அரங்கின் பின்கோடியில் விளக்குக் கணினியும் இருந்தால் இரண்டுமே எட்டா. அப்போது ஈதர்நெட் கம்பியில் மிடியை அனுப்பும் ஆர்டிபி மிடி கைகொடுக்கும். மேக்கில் இது உள்ளிருப்பாகவும் விண்டோஸில் இலவச நிரலாகவும் கிடைக்கிறது. கம்பியில்லா வைஃபையை மக்கள் நிறைந்த அரங்கில் நான் நம்பமாட்டேன். ஐந்து முனை மிடியின் உள்வாயிலில் ஒளி வழியே சமிக்ஞையைக் கடத்தும் ஒரு சிறு உறுப்பு இருக்க வேண்டும் என்பது மிடியின் விதி. இரு கருவிகளின் மின்தரை ஒன்றோடொன்று சேராமல் அதுவே காக்கிறது. பெயரற்ற மலிவான யுஎஸ்பி மிடிக் கம்பிகள் சிலவற்றில் அந்த உறுப்பே இருப்பதில்லை. விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் மின் இரைச்சல் கீபோர்டு வழியாக ஒலிபெருக்கிக்குள் நுழைவதற்கு அது ஒரு வழியாகிவிடும்.

பெரிய கன்சோல்களில் மிடி வேறு வடிவில் வாழ்கிறது. 1991இல் ஏற்கப்பட்ட மிடி ஷோ கன்ட்ரோல் என்ற நீட்சியில், நோட்டுகளுக்குப் பதிலாக இந்தக் கியூவைத் தொடங்கு, நிறுத்து, மீண்டும் தொடர் என்ற ஆணைகளே எண்ணோடு செல்கின்றன. ஈடிசி நிறுவனத்தின் ஈயோஸ் வரிசைக் கன்சோல்களும் கிராண்ட்எம்ஏ2வும் இதைப் புரிந்துகொள்ளும். மேக் கணினியில் ஒலியை இயக்கும் கியூலேப் இதை அனுப்பும். இடியோசைக்கும் மின்னலுக்கும் ஒரே பொத்தான் என்ற வசதி பெரிய நாடக அரங்குகளில் இப்படித்தான் வருகிறது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வாணவேடிக்கைகளுக்கோ மேடை இயந்திரங்களுக்கோ இதை மட்டும் நம்பக்கூடாது. ஆணை சென்றடைந்ததா என்பதற்கு மிடியில் உறுதிமொழி கிடையாது. விளக்கு எரியாமல் போவது வேறு, மேடைத்தளம் தவறான நேரத்தில் இறங்குவது வேறு.

வாங்க நினைப்போர் பலகையில் மிச்சம்பிடித்தாலும் டிஎம்எக்ஸ் இடைமுகத்தில் மிச்சம்பிடிக்க வேண்டாம். என்டெக் ஓபன் டிஎம்எக்ஸ் வகைப் பெட்டிகள் சமிக்ஞையின் நேரக்கணக்கைக் கணினியிடமே விட்டுவிடுகின்றன. கணினிக்கு வேலை மிகுந்தால் விளக்குகள் சிமிட்டக்கூடும். டிஎம்எக்ஸ் யுஎஸ்பி புரோ போன்றவற்றில் அந்தக் கணக்கைப் பார்க்கத் தனிச் சில்லு உண்டு, மின்தனிமையும் உண்டு. ஏற்கெனவே முதல் ஏபிசி மினி வைத்திருப்போர் எம்கே 2க்கு மாற வேண்டிய கட்டாயமில்லை; மூன்று நிறங்களோடும் நாடகம் நடத்தலாம். ஃபேடர்களையே பெரிதும் நம்பி, கையால் ஒளியை ஏற்றியிறக்கும் பழக்கமுள்ளவர்கள் இந்தப் பலகையைத் தவிர்த்து, மோட்டார் ஃபேடர்கள் கொண்ட மிடிப் பலகை ஒன்றையோ, டிஎம்எக்ஸை நேராகத் தரும் சிறு ஒளிமேசை ஒன்றையோ பார்ப்பது நல்லது. பொத்தான்களால் காட்சிகளை அழைத்து நிகழ்ச்சியை நடத்துவோர் தயங்காமல் வாங்கலாம். அரங்குக்குக் கிளம்புமுன் கியூஎல்சி பிளஸ்ஸை, நிகழ்ச்சியை நடத்துவதற்கான ஆப்பரேட் நிலைக்கு மாற்றிவிட்டு, மடிக்கணினியின் உறக்க அமைப்பையும் தானியங்கிப் புதுப்பிப்புகளையும் அணைத்து வைக்கவும்.